மார்னிங்டன் திராட்சைத் தோட்டங்களில் கல்யாணப் படம் எடுத்தபோது

தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணப் படம் எடுத்துப் பழகியவன் நான். மெல்பர்னுக்கு வந்து, மார்னிங்டன் தீபகற்பத்தில் முதல் கல்யாணம் எடுக்கப் போனபோது என்னைத் திணறடித்தது நேரம்தான். நம் ஊரில் முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மறுநாள் மதியப் பந்தி வரைக்கும் படம் எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒன்று தவறினால் அடுத்தது வந்துவிடும். ரெட் ஹில்லில், திராட்சைக் கொடிகளை ஒட்டிய ஒரு புல்வெளியில் நான் நின்ற அந்தக் கல்யாணம், பெண் அப்பாவின் கையைப் பிடித்து நடந்து வந்ததிலிருந்து முத்தம் வரைக்கும் பதினெட்டு நிமிடம். மேளம் இல்லை, அட்சதை இல்லை. எண்பது பேர் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். என் கேமராவின் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

அன்றைக்கு நான் இரண்டாவது கேமராக்காரன். வேலை கொடுத்தவர் சாயங்காலம் என் கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். இருநூற்றுச் சொச்சம் படம். பொறுமையாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பெண்ணோட அப்பா எங்கே?”

அப்பா பெண்ணைக் கொண்டுவந்து விட்டார், முன்வரிசையில் உட்கார்ந்தார். அதோடு அவர் என் கண்ணிலிருந்து போய்விட்டார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். எனக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில். நான் இரண்டே இரண்டு முகங்களை இருநூறு முறை எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்த பெரிய விஷயம் அன்றைக்குத் தெரிந்ததுதான். மாப்பிள்ளையும் பெண்ணும் செய்வதை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் முகத்தில் என்ன நடக்கிறது என்பதை எடுக்கத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

போஸ் கொடுக்காமல், நடப்பதை நடக்கிறபடி எடுப்பதுதான் ‘கேண்டிட்’. அந்த வார்த்தை நம் ஊரில் ஒரு ஸ்டைலின் பெயராகிவிட்டது. பின்னால் மங்கலாக, பெண் எங்கோ பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு படம். “மேடம், கேமராவைப் பார்க்காமல் சிரிங்க” என்று சொல்லி எடுப்பதற்கும் அதே பெயர்தான். நானும் அப்படி நிறைய எடுத்தவன், அதில் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இங்கே வந்த பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு வேறு. எங்கே நிற்கலாம் என்று சொல்வேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். “இந்த மரத்து நிழலில் நின்று பேசிக்கொண்டிருங்கள்” என்று சொல்வதோடு என் வாய் மூடிவிடும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. மார்னிங்டன் தீபகற்பம் மெல்பர்னிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம். ஒரு பக்கம் போர்ட் பிலிப் விரிகுடா, மறுபக்கம் வெஸ்டர்ன் போர்ட், தெற்கே பாஸ் நீரிணை. கடல் இப்படிச் சுற்றிக் கிடப்பதால் கோடையிலும் குளிர்ந்த காற்று வரும். பினோ நுவார், ஷார்டனே என்கிற ஒயின் திராட்சை வகைகளுக்குப் பிடித்தது அந்தக் குளிர்ச்சிதான். இப்போதிருக்கும் தோட்டங்களின் கதை 1970களில்தான் தொடங்குகிறது. தோட்டக்காரர்கள் ‘மேலே’, ‘கீழே’ என்று பிரித்துப் பேசுவார்கள். ரெட் ஹில், மெயின் ரிட்ஜ் எல்லாம் மேலே. மூருடக், டியூராங் பக்கம் கீழே. கீழே பழம் முன்னதாகப் பழுக்கும், மேலே தாமதமாகும். படம் எடுக்கிறவனுக்கு இந்தப் பிரிவு ரொம்ப முக்கியம். கீழே பளீரென்று வெயில் அடிக்கும்போது மேலே மூட்டம் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரே மதியத்தில் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பழம் பழுப்பது எதற்கு இவனுக்கு என்று தோன்றலாம். வலைதான் காரணம். ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் பழம் நிறம் மாறத் தொடங்கியதும் பறவைகள் வந்துவிடும். சில்வர்ஐ என்று ஒரு சின்னக் குருவி, கொத்துக் கொத்தாய்க் காலி செய்துவிடும். அதனால் கொடி வரிசை முழுவதையும் வெள்ளை வலையால் மூடிவிடுவார்கள். அறுவடை வரைக்கும் அந்த வலை இறங்காது. நவம்பரில் வந்து தோட்டத்தைப் பார்த்து, பச்சைக் கொடிகளில் மயங்கி, மார்ச்சில் தேதி குறிக்கிற ஜோடிகள் நிறைய. கல்யாணத்தன்று வந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்கக் கொசுவலை கட்டின மாதிரி இருக்கும். ஒரு பெண் அதைப் பார்த்து அழுதே விட்டாள். அப்போதிருந்து, பிப்ரவரி, மார்ச் கல்யாணம் என்றால் பத்து நாள் முன்னதாகத் தோட்டத்துக்குப் போன் செய்து எந்தப் பகுதியில் வலை இறங்கியிருக்கும் என்று கேட்டுவிடுகிறேன், ஜோடியிடமும் சொல்லிவிடுகிறேன். வலையும் மோசமில்லை. சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்தால் வலை முழுக்கப் பால் மாதிரி ஒளி பிடிக்கும். முன்னாலேயே தெரிந்திருந்தால் அதை ஆசையோடு எடுக்கலாம்.

வரிசைகளுக்குள் நடப்பதற்கும் அனுமதி கேட்டே ஆக வேண்டும். பைலாக்சரா என்று ஒரு பூச்சி, திராட்சை வேரை உறிஞ்சித் தோட்டத்தையே கொன்றுவிடும். செருப்பு மண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும். மெல்பர்னுக்கு அந்தப் பக்கம் யாரா பள்ளத்தாக்கில் 2006இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. சனிக்கிழமை யாராவில் ஒரு கல்யாணம், ஞாயிறு இங்கே ஒரு கல்யாணம் என்று ஓடுகிற என்னைப் போன்றவர்கள்தான் தோட்டக்காரர்களுக்குப் பயம். கல்யாணத் தோட்டங்களுக்கென்று ஒரு ஜோடி ஷூ தனியாக வைத்துக் கழுவிப் போடுகிறேன். “ஷூ கழுவியாச்சு” என்று நாமாகவே சொன்னால் அந்த மனிதர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எனக்காக ஒரு கேட்டைத் திறந்து, யாரும் போகாத மேட்டுக்கு டிராக்டரில் கூட்டிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். இங்கே கொடி வரிசைகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடும். இரண்டு பக்க இலைக்கும் வெயில் கிடைக்க அப்படி நடுவார்கள். சாயங்கால வெயில் வரிசைக்குக் குறுக்கே வரும். கொடி ஆள் உயரம். சூரியன் தாழ்ந்துவிட்டால் வரிசைக்குள் நிற்கிற ஜோடி முழு நிழலில் இருப்பார்கள், பின்னால் வானம் மட்டும் எரியும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஜோடியை நேரே வரிசைக்குள் கூட்டிக்கொண்டு போவார்கள், நானும் அதைத்தான் செய்தேன். வரிசை முடிகிற இடத்தில், வண்டி திரும்புவதற்காக விட்டிருக்கும் புல் பாதையில்தான் நிற்க வேண்டும். அங்கே வெயில் தடையில்லாமல் முகத்துக்கு வரும், பின்னால் தோட்டமும் தெரியும். இன்னொன்று, இங்கே கோடையான டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் மறையும், அதுவும் எட்டே முக்கால் மணிக்குப் பக்கத்தில். ஏப்ரலில் கிட்டத்தட்ட நேர் மேற்கு. கோடையில் பார்த்துவைத்த இடம் இலையுதிர் காலத்தில் உதவாது.

மணி என்றதும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். அது முழுக்க என் தவறு. ஏப்ரல் முதல் ஞாயிறு ஒரு கல்யாணம். ஒரு வாரம் முன்னால் போய் இடம் பார்த்தேன். சூரியன் ஏழேகாலுக்கு மறைந்தது. மலைக்குப் பின்னால் போவதற்கு முன் அரை மணி நேரம் தேன் மாதிரி வெளிச்சம். சரி, ஆறே முக்காலுக்கு ஜோடியை வெளியே கூட்டி வருகிறேன் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் கோடை நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பது ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலையில். அன்றைக்குச் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைந்துவிட்டது. ஆறு மணிக்கு நான் மண்டபத்துக்குள் மேசை அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஆரஞ்சு நிறம் பார்த்துத்தான் உறைத்தது. ஓடிப்போய் இருவரையும் கூட்டி வந்தபோது மீதி இருந்தது ஆறு ஏழு நிமிடம். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் தூக்கம் கெட்டது. இப்போது நிரலில் மணியை மட்டும் எழுதுவதில்லை, “சூரிய மறைவுக்கு 40 நிமிடம் முன்” என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அந்தத் தேதிக்கான மணியைப் போடுகிறேன்.

சடங்கைப் பற்றி. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான கல்யாணங்களை நடத்துவது செலிபிரன்ட் என்கிற, அரசு அங்கீகாரம் பெற்ற, மதம் சாராத திருமண நடத்துநர்கள். 1973இல் வந்த ஏற்பாடு அது. அதனால்தான் தேவாலயத்துக்குப் போகாமல் தோட்டத்திலும் கடற்கரையிலும் கல்யாணம் செய்ய முடிகிறது. எத்தனை விதமாகச் செய்தாலும் சட்டப்படி சொல்ல வேண்டிய வாசகங்கள் உண்டு, இரண்டு சாட்சிகள் உண்டு, கையெழுத்து உண்டு. நம் ஊரில் கெட்டிமேளம் என்றதும் கை தானாகக் கேமராவைத் தூக்குமே, அந்த மாதிரி இங்கேயும் வரிசை மனப்பாடமாகிவிட வேண்டும். அடுத்தது என்ன என்று தெரிந்தால்தான் பார்க்கிறவர்கள் பக்கம் தைரியமாகத் திரும்ப முடியும்.

செலிபிரன்டிடம் பத்து நிமிடம் முன்னால் போய் இரண்டு விஷயம் கேட்பேன். முத்தத்தின்போது ஒதுங்கி நிற்பீர்களா? இல்லையென்றால் ஆயுள் முழுக்க அந்தப் படத்தில் இருவர் தலைக்கும் நடுவில் அவர் முகம் இருக்கும். கையெழுத்து மேசை எங்கே? மர நிழலில், இலை இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிற இடத்தில் மேசையைப் போட்டிருந்தால் நானே தூக்கித் தள்ளிப் போடுவேன். கையெழுத்து நேரத்தை நிறையப் பேர் அலட்சியமாக விடுகிறார்கள். எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் தங்கம். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்போதுதான் தளரும். பாட்டிகள் மூக்கைச் சிந்துவார்கள், குழந்தைகள் நாற்காலிக்கடியில் புகுவார்கள், மாப்பிள்ளையின் அம்மா சம்பந்தியின் தோளைத் தொடுவார். மேசையை இரண்டே படம் எடுத்துவிட்டுக் கூட்டத்துப் பக்கம் திரும்பிவிடுவேன்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கேமரா பாடி, ஒன்றில் 35 மி.மீ. லென்ஸ், ஒன்றில் 85 மி.மீ., இரண்டும் தோளிலேயே. கடலோரத்தில் லென்ஸ் மாற்றக் கூடாது. கேப் ஷாங்க், கன்னமாட்டா பக்கம் பாறையில் மோதுகிற அலையின் உப்புத் தூறல் கண்ணுக்கே தெரியாமல் கண்ணாடியில் படிந்துவிடும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும், முதலில் ஈரத் துணி. ட்ரோனைத் தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது, நல்ல கடற்கரைப் பாறைகள் பாதி அதற்குள்தான் வருகின்றன. கார்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நகலெடுக்காமல் படுப்பதில்லை.

கேமராவுக்குள் ஒளியைத் திறந்து மூடுகிற ஷட்டரைப் பற்றி மட்டும் ஒரு கதை இருக்கிறது. அது ஒரு தமிழ்க் கல்யாணம்.

பெண் இலங்கைத் தமிழ்க் குடும்பம், மெல்பர்னில் பிறந்தவள். மாப்பிள்ளை மார்னிங்டன்காரர். ஜனவரி மாதம், காலை பத்தரைக்கு முகூர்த்தம், புல்வெளியில் மணவறை போட்டாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் அறிவிப்பு வந்தது: மறுநாள் முழுத் தீத்தடை. கடும் வெயிலும் வடக்குக் காற்றும் சேர்கிற நாட்களில் இங்கே அப்படி அறிவிப்பார்கள். திறந்த வெளியில் நெருப்பே மூட்டக் கூடாது. ஹோமம் எப்படி? இரவு பதினொரு மணிவரை போன். கடைசியில் மணவறையைக் கழற்றி, ஒயின் பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் கூடத்துக்குள் வைத்தார்கள். அங்கேயும் புகைமணி இருக்கிறது, ஹோமம் வேண்டாம் என்று தோட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். குத்துவிளக்கை அக்னியாக வைத்து நடத்திவிடலாம் என்று ஐயர் சொன்னதும்தான் பெண்ணின் அம்மாவுக்கு உயிர் வந்தது.

கூடம் குளுகுளுவென்று இருந்தது, ஓக் மரமும் ஒயினும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசனை. முதல் கல்யாணத்தில் பட்ட அவமானத்துக்கு அப்புறம் நான் எப்போதும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் எடுப்பேன். வெளியே அது பிரச்சினையே இல்லை. உள்ளே எல்இடி விளக்கு. இங்கே மின்சாரம் நம் ஊர் மாதிரியே 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு நூறு தரம் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, எலக்ட்ரானிக் ஷட்டருக்குத் தெரியும். மாலை மாற்றும் படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்பு. நல்லவேளையாகத் தாலிக்கு முன்னால் திரையைப் பார்த்தேன். மெக்கானிக்கல் ஷட்டர், வேகம் நொடியில் நூறில் ஒரு பங்கு என்று மாற்றியதும் சரியாயிற்று. சத்தம் வந்தது, ஆனால் கெட்டிமேளத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது. புது இடத்துக்குள் நுழைந்தால் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் இப்போது வேலையைத் தொடங்குகிறேன்.

பெண்ணின் அம்மம்மா பீப்பாய் வரிசையை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொடங்குவதற்கு முன்னால் நான் அந்தப் பக்கம் போனபோது என் கையைப் பிடித்தார். “தம்பி, என்னைப் படம் எடுக்காதேங்கோ. நான் அழுவன், வடிவா இராது.”

எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். பார்க்கிறவர்களை எடுப்பதுதான் என் வேலை, ஆனால் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். தெரியாமல் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு காட்டினால் சந்தோஷப்படுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பாது. கேண்டிட் என்பது திருட்டில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒயின் ஏறி நிலைதடுமாறுகிறவர்களை எடுத்தாலும் அந்தப் படங்களை நான் கொடுப்பதில்லை, அதே காரணம்தான்.

தாலி கட்டும்போது நான் மணவறைக்கு இடப்பக்கம் இருந்தேன். கூடவந்த பையன் நேர் எதிரே நின்று தாலியைப் பார்த்துக்கொண்டான். நான் திரும்பினேன். அம்மம்மாவின் முகம் என் சட்டகத்தில் இல்லை. மடியில் இருந்த கைகள் மட்டும். இடக்கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது, கட்டைவிரல் காப்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தது. விரல் மூட்டுகள் பெரிதாக, தோல் கடதாசி மாதிரி. சேலைக் கரையில் ஒரு அட்சதை மணி மஞ்சளாக ஒட்டியிருந்தது. நான்கு படம் எடுத்தேன்.

மதியம் வெளியே முப்பத்தொன்பது டிகிரி, ஒருவரும் தலைகாட்டவில்லை. இந்த ஊரில் அப்படிப்பட்ட நாள் அப்படியே முடியாது, ‘சேஞ்ச்’ வரும். வடக்குக் காற்று நின்று தென்மேற்கிலிருந்து கடல்காற்று பாயும், அரை மணி நேரத்தில் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். அது மேற்கிலிருந்து வருவதால், வானிலைத் துறை இணையப் பக்கத்தில் மேற்கே கடலோரத்தில் இருக்கும் கேப் ஆட்வே நிலையத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அங்கே காற்று திரும்பிவிட்டால் நமக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். அன்றைக்கு மூன்று மணிக்கு அங்கே திரும்பியது. பெண்ணின் தம்பியிடம், “நாலரைக்கு எல்லாரையும் புல்வெளிக்குக் கூட்டி வாங்க” என்று சொல்லிவைத்தேன். பூச்சாடிகளை இறக்கச் சொன்னேன், குடைகளை மடக்கச் சொன்னேன். ஐந்துக்குக் காற்று வந்தது. கொடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து இலையின் வெளுத்த அடிப்பக்கம் முழுக்கத் தெரிந்தது. காஞ்சிப்பட்டெல்லாம் படபடவென்று அடிக்க, மாமிகளும் மாப்பிள்ளையின் நண்பர்களும் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு கத்திச் சிரித்தார்கள். ஒருவரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. காற்றுக்கு எதிராக முகம் இருந்தால் முடி பின்னுக்குப் போகும், அதற்குத் தோதாக நான் காற்று வருகிற பக்கம் போய் நின்றுகொண்டேன், அவ்வளவுதான்.

கிளம்புகிற நேரத்தில் அம்மம்மாவைத் தேடிப் போனேன். முகம் எடுக்கவில்லை, கை மட்டும் எடுத்தேன், பிடிக்கவில்லை என்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்று கேமராவைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார்.

“இது என்ர அம்மாவின்ர கை மாதிரி இருக்கு,” என்றார். “எனக்கும் ஒரு கொப்பி தாங்கோ.”

வருகிற சனிக்கிழமை மெரிக்ஸில் ஒரு கல்யாணம். மேற்குச் சரிவில் வலை இறங்கியதா என்று நாளைக் காலை தோட்டத்துக்குப் போன் செய்ய வேண்டும். பெண்ணின் அப்பா எந்த நாற்காலியில் உட்காருவார் என்றும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.